அரை டம்ளர்

"தண்ணியில முக்கியே கொன்னுட்டீங்களேம்மா!"

செடிக்கடைக்காரன் பால்கனியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டான். விரல் சேறும் சகதியுமாக வெளியே வந்தது. அந்த அம்மாவின் முகம் வெளிறிப்போனது.

"இல்ல தம்பி. நீங்க சொன்ன மாதிரி ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ஊத்துறேன். அதுவும் அரை டம்ளர்."

தைம் என்கிற சீமை மூலிகைச் செடி அது. ஒரு சாண்கூட உயராமல் மண்ணோடு படர்ந்து, வெயிலைக் குடித்தே வருஷக்கணக்கில் இருந்துவிடும். பட்டினி போட்டால் பிழைக்கும், செல்லம் கொடுத்தால் செத்துவிடும். இப்போது இலையெல்லாம் மஞ்சளாகி, தண்டின் அடி கறுத்திருந்தது.

"இதைத் தூக்கிப் போட்டுடலாம்மா. வேற ஒண்ணு தரேன்."

"வேணாம் தம்பி. எம் பொண்ணு கையால வச்சது. அவ கண்ணை மூடி இன்னும் வருஷம்கூடத் திரும்பல. எனக்குன்னு மிஞ்சினது இது ஒண்ணுதான். எப்படியாவது காப்பாத்திக் குடுங்க."

அவன் தொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு துப்பறிய ஆரம்பித்தான். மேல் வீட்டுத் துணியிலிருந்து சொட்டுகிறதா என்று அண்ணாந்து பார்த்தான். மேலே வீடே இல்லை, மொட்டை மாடிதான். மழை பெய்தும் இரண்டு மாசம் ஆகிறது. தொட்டியின் அடித் துளையிலும் அடைப்பு இல்லை.

"வீட்ல வேற யாரும்மா இருக்காங்க?"

"யாரு இருக்கா? நான் ஒருத்திதான்" என்றாள் வெடுக்கென்று.

கை கழுவ உள்ளே வந்தான். மேஜைமேல் அன்றைய பேப்பர் கிடந்தது. பக்கத்திலேயே அதே பேப்பர் இன்னொன்று. இரண்டுமே பிரித்துப் படித்து மடித்தவை. வாங்கியதை மறந்து திரும்ப வாங்கியிருக்கிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டான்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஊத்துனதை மறந்துட்டு மறுபடி மறுபடி ஊத்துறீங்களோ?"

அவள் காலண்டரைக் கொண்டுவந்து காட்டினாள். ஞாயிறுதோறும் பென்சிலில் ஒரு டிக், வேறெந்த நாளிலும் இல்லை.

"அப்ப டிக் போடவும் மறந்துட்டேனா? எம் பொண்ணு செடியை நானா கொன்னேன்?"

அழுதுவிட்டாள். கேட்க ஆளில்லை என்று பழகிப்போன அழுகை அது. சத்தமே வரவில்லை. செடிக்கடைக்காரனுக்கு ஏன்தான் வாயைத் திறந்தோமோ என்று இருந்தது.

சாத்தியிருந்த பக்கத்து அறைக் கதவு திறந்தது. மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்தபடி ஒரு பெரியவர் வெளியே வந்தார். அவள் பக்கம் திரும்பாமல் செடிக்கடைக்காரனிடம் மட்டும் பேசினார்.

"அவமேல தப்பில்ல தம்பி. வாடிடுமேன்னு, வெயில் ஆரம்பிச்சதுலேருந்து நான்தான் தினமும் ஒரு ஜக்கு ஊத்துறேன். காலைல அவ நடக்கப் போற நேரத்துல."

"நீங்க யாரு சார்?"

"செடி வச்சவளோட அப்பா."

அவனுக்குத் தலை சுற்றியது. "அம்மாதான் ஊத்துறாங்களே சார்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? பொண்ணு போன நாள்லேருந்து நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லையே!"