தோலுக்கடியில் ஒரு பட்டாணி

"டாக்டர், இதை இப்பவே எடுத்து வெளியில போடுங்க!"

கோட்டில் ஒட்டியிருந்த பனியைக்கூடத் தட்டாமல் வந்து உட்கார்ந்த லோர்னா, கோட்டைக் கழற்றிச் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள்.

டாக்டர் இங்க்ரிட்டுக்குப் பகீரென்றது. அமெரிக்காவின் டுலூத் நகரில் அவள் நடத்தும் மருந்துச் சோதனைக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். பன்னிரண்டாவது ஆள், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற இந்த லோர்னாதான். இவள் விலகினால் ஆறு வருட உழைப்பு அம்போ!

"எலும்புத் தேய்மானத்துக்குத் தினமும் குத்திக்கிட்டிருந்தீங்க. இப்போ ஒரே ஊசி. உள்ளே போன மருந்து தானாவே பட்டாணி மாதிரி திரண்டு, ஆறு மாசம் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு, அதுவாவே கரைஞ்சிடும். ஏன், வலிக்குதா?"

"இல்ல."

"அரிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்குப் பழைய ஊசியே போதும்."

"தினமும் குத்து வாங்க ஆசைப்படற ஒரே ஆள் நீங்கதான்!"

லோர்னா கையுறையைப் பிசைந்தாள். "ரெண்டு வருஷமா காலைல எட்டு மணிக்கு நர்ஸ் வெய்னோ வீட்டுக்கு வந்து ஊசி போடுவார். ஏலக்காய் ரொட்டி சுட்டு வைப்பேன். ஒரு நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஏரியில மீன் பிடிச்ச கதையெல்லாம் அளப்பார். இப்போ பத்து நாளா மொத்த ரொட்டியையும் நானே தின்னு தொலைக்கிறேன்."

கையுறையை மேசை மேல் வீசினாள். "இதுக்கு என் பேரைக் குடுத்ததே அந்த மனுஷன்தானே? என்னைக் கழட்டி விடத்தானே?"

இங்க்ரிட் மெதுவாகக் கத்தியை எடுத்தாள். "சரி, எடுத்துடறேன். நாளைலேருந்து நீங்க மறுபடியும் வெய்னோவோட பேஷண்ட்."

"அதுதான் வேணும்!"

"உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருந்தேன். ஆனா, என் சோதனையைக் காப்பாத்த வேற வழியில்ல." இங்க்ரிட் சிரித்துவிட்டாள். "பேஷண்ட்டை நர்ஸ் சாப்பிட வெளியில கூப்பிடக் கூடாதுங்கறது எங்க விதி. 'ஊசியை நிறுத்தி எத்தனை நாள்ல லோர்னா என் பேஷண்ட் இல்லைன்னு ஆகும்?'னு உங்க பேரைக் குடுத்த அன்னிக்கே கேட்டார். ரெண்டு வாரம்னேன். வர்ற வெள்ளிக்கிழமையோட முடியுது."

லோர்னா சட்டைக் கையை அவசர அவசரமாக இறக்கிவிட்டாள்.

"கத்தியைக் கீழ வைங்க டாக்டர்! பட்டாணி மேல கை வச்சீங்க, அப்புறம் நான் பொல்லாதவளா இருப்பேன்!"