ஞாயிற்றுக்கிழமைச் சொடக்கு

கழுத்து எலும்பு தேய்ந்தவர் சலூனில் போய்க் கழுத்துக்குச் சொடக்கு எடுத்துக்கொள்ளலாமா? கூடவே கூடாது. ஆனால் பெரியநாயகத்துக்கு அதை யார் புரியவைப்பது?

மகள் ஷீனா ஏற்காட்டிலேயே பிசியோதெரபிஸ்ட். எக்ஸ்ரேயைக் காட்டி, ஒரு தடவை தப்பாகத் திருப்பினால் கை கால் விழுந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். எஸ்டேட் ரைட்டராக முப்பது வருஷம் ஊரையே அதட்டிய மனுஷர் மகள் பேச்சையா கேட்பார்? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேரே ஆரிப்பின் சலூனுக்குப் போய்விடுவார்.

"உன்ற மெஷினு பத்து நாள்ல பண்ணாததை அந்தப் பையன் பத்து நிமிசத்துல பண்றான் கண்ணு" என்று பெருமை வேறு.

அந்த ஞாயிறு ஷீனாவும் கூடவே போனாள். ஆரிப்பை நன்றாக நாலு கேள்வி கேட்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

பையில் ஒரு சின்னக் கருவி வைத்திருந்தாள். உடம்பில் வைத்து அழுத்தினால், எத்தனை கிலோ அழுத்தத்தில் வலி தொடங்குகிறது என்று காட்டும். கடை வாசலில் அப்பாவின் தோளில் வைத்து அழுத்தினாள். மூன்று கிலோவிலேயே போதும் என்றார்.

ஆரிப் அவரை உட்காரவைத்து, தலையைத் துண்டால் மூடி, தாடையைப் பிடித்தான். ஷீனா பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

சொடக். மறுபக்கமும் சொடக்.

மறுபடி அழுத்திப் பார்த்தாள். ஐந்து கிலோ வரை அப்பா அசையவில்லை. பார்த்தாயா என்பதுபோல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார்.

கழுத்தைத் திருப்பினால் கொஞ்ச நேரம் வலி குறைவாகத் தெரியும் என்று அவளும் படித்திருக்கிறாள். அதுதான் அவளுக்குப் பயமே. சுகம் கண்டவர் அடுத்த வாரமும் வருவார். ஏதோ ஒரு வாரம் தப்பாகிவிட்டால்?

"அப்பாவோட எக்ஸ்ரேயைப் பாத்திருக்கியா ஆரிப்?"

"பாத்தனுங்க அக்கா. அவரே கொண்டாந்து காட்டுனாருங்க. எம்புள்ள சும்மா பயமுறுத்துதுன்னு சிரிச்சாருங்க."

"பாத்துட்டுமா இதைச் செய்யற? நாளைக்கு அவர் படுத்த படுக்கையாக் கெடந்தா நீயா வந்து பாப்ப?"

இனி அவரைக் கடைக்குள் விட்டால் போலீசுக்குப் போவேன் என்றாள்.

ஆரிப் நிதானமாகச் சீப்பைத் துடைத்து வைத்தான்.

"நான் மாட்டேன்னா மனுஷன் பஸ் ஏறி அடிவாரத்துக்குப் போயிருவாருங்க. அங்க யாராச்சும் நெசமாவே கழுத்தைத் திருப்பிப்போடுவாங்க."

"அப்ப நீ?"

ஆரிப் தன் கையை அவள் காதோரம் கொண்டுவந்து, ஒரு விரலை மடக்கி அழுத்தினான்.

அப்பாவின் கழுத்தில் கேட்ட அதே சத்தம்.