ஐந்து மணிச் சண்டை

"யாருகிட்ட கதை விடுறீங்க? என்னைப் பார்த்தா கேனச்சி மாதிரி இருக்கா?"

"கத்தாதே! ஊருக்கே கேக்குது!"

"கேக்கட்டும்! ஊரே வந்து என்னன்னு கேக்கட்டும்!"

ஊர் வந்தே விட்டது. மூன்றாம் மாடி வீட்டு வாசலில் குடியிருப்போர் சங்கச் செயலாளர், அழைப்பு மணியை அழுத்தலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கழுத்தில் அளவு நாடா தொங்க, கீழ் வீட்டுத் தையல்காரம்மா.

"டாண்ணு அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சிடுவாங்க சார். என் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேக்கும். நடுவுல கொஞ்ச நாள் நிம்மதியா இருந்துச்சு. இன்னிக்கு மறுபடியும்!"

செயலாளர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மணியை அழுத்தினார். உள்ளே சத்தம் கத்தரித்தாற்போல் நின்றது.

கதவைத் திறந்தது அந்த வீட்டு அம்மாள். நூலகர். பகலெல்லாம் உதட்டில் விரலை வைத்து ஊரை அடக்குகிறவருக்கு முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

சோபாவின் ஓரத்தில் ஒடுங்கியிருந்தார் கணவர். பேருந்து நிலைய அறிவிப்பாளர். 'மைக்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். தொண்டைக் குழியில் ஒரு தழும்பு இருந்தது.

"மேடம், தப்பா நினைக்காதீங்க" என்று இழுத்தார் செயலாளர். "நுரையீரல் கெட்டு, செத்துப் பிழைச்சு வந்த மனுஷர். அவரைப் போய் இப்படி விரட்டினா..."

நூலகர் வாயைத் திறப்பதற்குள் மைக் துள்ளி எழுந்தார்.

"ஐயோ சார், அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. இது சண்டையே இல்ல, வைத்தியம்!"

"வைத்தியமா?"

"உக்காருங்க, சொல்றேன். நாப்பத்தோரு நாள் ஐ.சி.யூ.ல கிடந்தேன். தொண்டையில ஓட்டை போட்டுக் குழாய். வீட்டுக்கு வந்தப்போ சீப்பைத் தூக்கினா கை நடுங்கும். பாத்ரூமுக்குப் போய் வர்றதுக்குள்ள ரெண்டு தடவை உக்காரணும். அதெல்லாம் கூடப் பரவாயில்ல சார். குரல் போயிடுச்சு."

தையல்காரம்மா நாடாவின் முனையைச் சுருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தினமும் பத்து நிமிஷம் சத்தமா பேசிப் பழகணும்னாங்க பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவங்க. பேப்பரை எடுத்துப் படிச்சேன். ரெண்டு வார்த்தைக்கு மேல மூச்சு எட்டல. ஒரு மாசம் பார்த்தேன், வேலையும் போச்சு குரலும் போச்சுன்னு பேப்பரைத் தூக்கிப் போட்டுட்டேன். அப்போ ஒருநாள் இவ என் தங்கச்சியைப் பத்தி ஏதோ சொல்லிட்டா."

"என்ன சொன்னாங்க?" தையல்காரம்மாவுக்கு அடக்க முடியவில்லை.

"அதை விடுங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! 'எங்க வீட்டு ஆளுங்களைப் பத்திப் பேச உனக்கு என்ன தகுதி இருக்கு'ன்னு ஒரே மூச்சுல கேட்டுட்டேன். கேட்ட பிறகுதான் ரெண்டு பேருக்கும் உறைச்சுது, முழுசா ஒரு வாக்கியம் வந்திருக்குன்னு. இவ அங்கேயே உக்காந்து அழுதுட்டா. மறுநாள்ல இருந்து அஞ்சு மணிக்குச் சண்டை. காலையிலேயே இவ தலைப்பு யோசிச்சு வச்சிடுவா. ஒருநாள் என் குறட்டை, ஒருநாள் எங்க மாமா. அவர்தான் நல்லா ஓடுவாரு!"

நூலகர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. போன மாதம் முதல் பேருந்து நிலையத்தில் மறுபடியும் அந்தக் குரல் கணீரென்று ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

தையல்காரம்மா மூக்கை உறிஞ்சினார். "அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. எவ்வளவு வேணும்னாலும் கத்துங்க. நான் மெஷினை நிறுத்தி வச்சுக்கறேன்."

செயலாளர் நெகிழ்ந்துபோய் எழுந்தார். "குடுத்து வச்சவர் சார் நீங்க!"

"இருங்க சார், நானும் கீழ வரைக்கும் வர்றேன். நடக்கச் சொல்லியிருக்காங்க" என்று அவசரமாகச் செருப்பைத் தேடினார் மைக்.

"பொறுமையா போகலாம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார் நூலகர், வெகு கனிவாக.

அந்த அன்னியோன்னியத்தைப் பார்த்துத் தையல்காரம்மா மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலாளரும் அவரும் படியிறங்கினார்கள்.

காலடிச் சத்தம் தேய்ந்து மறையும் வரை காத்திருந்து, நூலகர் கதவைத் தாழிட்டார். கணவரின் கையை மட்டும் விடவில்லை.

"பயிற்சி முடிஞ்சுதான் மூணு மாசமாச்சே, இப்ப சொல்லுங்க, உங்க சட்டைப் பையில இருந்த அந்த சிகரெட்டைக் கொடுத்தது யாரு?"