கேட் வரைக்கும்

நவம்பர் 9, மாலை 4.10. மலை நீர்த்தேக்கம், கிழக்குக் கரை. ஒரு கூடாரம், ஓர் ஆள்.

"கூடாரத்தைப் பிரிச்சிடுங்கம்மா. பனி இறங்குறதுக்குள்ள கீழே போயிடலாம்" என்றான் காவலாளி.

தூண்டிலைப் பிடித்திருந்த பெண்மணி திரும்பவே இல்லை. ஐம்பது வயதிருக்கும். அகலமான தொப்பி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.

"அங்கேயே நில்லுங்க தம்பி. கயிறு கட்டியிருக்கேன், தடுக்கும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் தடுக்கிவிட்டது. கூடாரத்திலிருந்து தண்ணீர் ஓரம் வரை இழுத்துக் கட்டிய பச்சைக் கயிறு.

"முதல்ல உங்க இடது பூட்ஸைத் தைக்கக் கொடுங்க. அடி வாயைப் பிளந்துக்கிட்டு டப்பு டப்புன்னு அடிக்குது. இந்த லட்சணத்துல என்னைக் காப்பாத்த வந்துட்டீங்க."

குனிந்து பார்த்தான். பிளந்துதான் இருந்தது. இந்த அம்மா இதை எப்போது பார்த்தார்? சரியான கழுகுக் கண் என்று நினைத்துக்கொண்டான்.

"நான் என்னம்மா செய்யட்டும்? வாக்கி-டாக்கியில சொல்லிட்டாங்க. கிழக்குக் கரையில ஒரு அம்மா தனியா இருக்காங்க, உடனே கூட்டிட்டு வாங்கன்னு."

"என்ன காரணமாம்?"

"அதுக்குள்ள கரகரன்னு ஆயிடுச்சு. காரணம் வேற என்ன, ஒரு பொம்பளை தனியா தங்குறதுன்னா..."

"ரெண்டு ராத்திரிக்கு டிக்கெட் வாங்கியிருக்கேன். மீன்பிடி உரிமம் பையில இருக்கு. அந்த வளைவுல ஒரு ஆம்பளை தனியாத்தான் டேரா போட்டிருக்கார். ரேடியோவோட சேர்ந்து பாடிப் பாடி என் மீனையெல்லாம் விரட்டுறார். அவரை எப்போ கூட்டிட்டுப் போகப் போறீங்க?"

காவலாளி தலையைச் சொறிந்தான். "எல்லாம் உங்க நல்லதுக்குத்தாம்மா."

"இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. என் நல்லதுக்குன்னுதான் எங்கம்மா என்னைச் சைக்கிளைத் தொட விடலை. என் நல்லதுக்குன்னுதான் எங்கக்கா மூணு தடவை இங்கே கூடவே வந்து, ஒரு மீனைக் கூட என் கையால கழட்ட விடலை. இப்போதான் முதல் தடவையா தனியா வந்திருக்கேன். எழுந்திருக்க மாட்டேன்."

"எனக்கு மெமோ கொடுத்துடுவாங்கம்மா."

"வாங்கிக்குங்க. காகிதம்தானே, கடிக்காது."

தூண்டில் முனையில் கட்டியிருந்த சின்ன மணி குலுங்கியது. சட்டென்று இழுத்தார். துள்ளிய மீனைக் கட்டை விரலால் நீளவாக்கில் தடவிவிட்டு, தூண்டில் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டார். "அளவு பத்தாது. நாளைக்கு வாடா."

பேசிக்கொண்டிருக்கும்போதே பனி இறங்கியது. முதலில் எதிர்க்கரை மறைந்தது. பிறகு தண்ணீர், பிறகு அவனுடைய பூட்ஸ். டார்ச்சை அடித்தான். வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது.

பெண்மணி எழுந்தார். "ஒரு பந்தயம். கேட் வரைக்கும் உங்களோட வர்றேன். வழியில நான் ஒரு தடவை தடுமாறினாலும் கூடாரத்தைப் பிரிச்சிடுறேன். நீங்க தடுமாறினா, நான் திரும்பி வந்து மீன் பிடிப்பேன். சரியா?"

பன்னிரண்டு வருஷமாக அந்தக் கரையில் நடக்கிறவன் அவன். சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

"சரியான்னு கேட்டேன்."

"சரிம்மா, சரி."

மீன் வலையின் கம்பை ஊன்றிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார்.

"இங்கே ஒரு வேர் இருக்கு." அவன் அதில் இடித்துக்கொண்டான்.

"வலது பக்கம் சரிவு. என் தோளைப் பிடிச்சுக்குங்க." பிடிப்பதற்குள் ஒரு கால் சரிவில் இறங்கிவிட்டது. அவர்தான் கையைப் பற்றித் தூக்கிவிட்டார்.

"மதகுத் தண்ணி சத்தம் கேட்குதா? இங்கே திரும்பணும். ஏழு படி." அவன் ஆறு என்று நினைத்திருந்தான்.

கேட்டின் ஜெனரேட்டர் சத்தம் பக்கத்தில் கேட்டபோது அவர் நின்றார். "மூணு தடவை, தம்பி. நான் கிளம்புறேன்." கம்பின் ஓசை பனிக்குள் திரும்பிப் போனது.

டிக்கெட் கொடுக்கும் பெண் வாசலிலேயே காத்திருந்தாள். "எங்கேண்ணா அந்த அம்மா?"

"வர மாட்டாங்களாம். பொம்பளை தனியா தங்கினா என்ன தப்பு? நானும் கேட்கிறேன்."

"பொம்பளைங்கிறதுக்கா கூட்டிட்டு வரச் சொன்னேன்? அவங்களுக்குப் பிறந்ததிலிருந்தே ரெண்டு கண்ணும் தெரியாதுண்ணா. எப்பவும் அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருவாங்க. இன்னிக்கு நான் சாப்பிடப் போயிருந்த நேரத்துல வேற யாரோ டிக்கெட் கொடுத்து விட்டுட்டாங்க."

காவலாளி பதிவேட்டை இழுத்து வைத்து எழுதினான்: 'கிழக்குக் கரையில் துணை தேவைப்பட்டவர் ஒருவர். பத்திரமாகக் கேட் வரை அழைத்து வரப்பட்டார்.'

பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரை நிரப்பினான்.