எஞ்சின் மந்திரிப்பு

புதிதாக வந்த பாதிரியார் டான் ஃபெர்மோ, வண்டிகளின் முன்கண்ணாடியில் தீர்த்தம் தெளிப்பதோடு விடவில்லை.

"எஞ்சினைத் திறங்கப்பா. கூரைக்கு மந்திரிச்சு என்ன ஆகப்போகுது?"

சதுக்கத்தின் கடைசியில், தன் ஃபியட் 850க்குப் பக்கத்தில் நின்றிருந்த கல்வானோ கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தான்.

வண்டியோட்டிகளின் காவலர் புனித கிறிஸ்தோபரின் திருநாள். ஜூலை வெயில். பழைய வண்டிகள் எல்லாம் வாயைப் பிளந்து வரிசையாக நின்றன. பல் டாக்டரின் நீளமூக்குச் சிவப்பு வண்டிக்குள் பன்னிரண்டு சிலிண்டர், ஆறாறாக V வடிவில். அடுத்த வண்டிக்கு எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், நட்டநடுவில். பாதிரியார் விடாமல் தேடித் தேடித் தெளித்துக்கொண்டு வந்தார்.

கல்வானோவின் வண்டிக்கு எஞ்சின் பின்னால். முன்னால் வெறும் சாமான் பெட்டி.

வெறும் பெட்டி என்றால் அவன் ஏன் வியர்க்கப்போகிறான்?

நேற்று பக்கத்து ஊரான லூகோவில் ஒருவனிடம் ஆசைப்பட்டு வாங்கிய எஞ்சின் அதற்குள் படுத்திருந்தது. நிஜமாகவே படுத்துத்தான் இருந்தது. இரண்டு சிலிண்டரும் பக்கவாட்டில் சாய்ந்து, குட்டி ஸ்டேஷன் வேகனின் தரைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் ரகம்.

"இன்னும் ஒரு எஞ்சின் வாசப்படி தாண்டட்டும், நான் ரிமினிக்கு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுறேன்" என்று ஈஸ்டர் அன்றே, நிலவறை முழுக்க அடுக்கிக்கிடந்த அவன் எஞ்சின்களைக் காட்டிச் சொல்லியிருந்தாள் மனைவி யோலே. சொன்னால் செய்கிறவள்.

அதனால் அது வாசற்படி தாண்டவில்லை. வண்டியிலேயே ராத்தங்கியது. பாரத்தில் வண்டியின் மூக்கு தரையை மோப்பம் பிடித்தது.

"என்ன இது, வண்டி குனிஞ்சு கும்புடுது?" பக்கத்தில் நின்ற யோலே விசிறிக்கொண்டே கேட்டாள்.

"டயர்ல காத்து கம்மி."

பாதிரியார் வந்தார். நேராக முன்மூடியில் கையை வைத்தார். கல்வானோ குறுக்கே பாய்ந்தான்.

"சாமி, இதுக்கு எல்லாமே பின்பக்கம்!"

அவர் சுற்றிக்கொண்டு போய், வரிசையாக நின்ற நாலு சிலிண்டருக்கும் ஞானஸ்நானமே செய்துவைத்தார். கல்வானோ மனதுக்குள் கிறிஸ்தோபருக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டான்.

"சாமி, முன்னாடி ஒருத்தன் படுத்திருக்கான். அவனுக்கும் ரெண்டு சொட்டு விடுங்க" என்றாள் யோலே.

சொன்ன கையோடு வண்டிக்குள் கையை விட்டு நெம்புகோலை இழுத்தாள். மூடி எழும்பியது.

பல் டாக்டர் போட்ட சிரிப்பில் மணிக்கூண்டுப் புறாக்கள் பறந்தன. சிலுவை போட உயர்ந்த பாதிரியாரின் கை பாதியில் நின்றது.

"ஒரு வண்டிக்கு ரெண்டா?"

கல்வானோ யோலேயைப் பார்த்தான். தங்கச்சி வீடு, ரிமினி, காலி அடுப்பு எல்லாம் கண்முன் வந்து போயின.

யோலே கோபப்படவில்லை. குனிந்து, எஞ்சினின் பக்கவாட்டை எட்டிப் பார்த்தாள். விசிறியை மடக்கினாள்.

"நிலவறையில இடம் பண்ணலாம்னு லூகோக்காரன்கிட்ட இதை வித்ததே நான்தான். உன் எஞ்சினே உனக்கு அடையாளம் தெரியலையா?"