பிக்கப் தேடிய மூடி

போன தடவை மலை முகாமில் பிள்ளைகளின் போர்வையெல்லாம் மழையில் ஊறிப்போனதை அந்தப் பிக்கப் வண்டியால் மறக்க முடியவில்லை. இனி பின்பக்கச் சரக்குத் தொட்டிக்கு ஒரு மூடி இல்லாமல் மலை ஏறுவதில்லை என்று ஒரே பிடியாக வண்டி மூடிகள் விற்கும் கடைக்கு வந்து நின்றது.

இரும்பு மூடி நெஞ்சை நிமிர்த்தியது. "என் மேல யானையே ஏறினாலும் நெளிய மாட்டேன்."

"நீ எத்தனை கிலோ? முகாம் ஏரிக்கு நான் பின்னால படகு வேற இழுத்துட்டுப் போகணும்."

"வந்ததும் வராததுமா எடையைக் கேட்கிறதா?" என்று இரும்பு மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பளபளத்த மடக்கு மூடி குழைந்தது. "என்னைப் போட்டுக்கிட்டா ஊரே உன்னைத் திரும்பிப் பார்க்கும்."

"மழை வந்தா?"

"மழையில எதுக்கு வெளிய கிளம்புறே?"

மூலையில் சுருண்டு கிடந்த தார்ப்பாய் மட்டும், "உள்ள என்னண்ணே ஏத்துவீங்க?" என்று கேட்டது.

"பிள்ளைங்க போர்வை."

"அப்ப நாலு பக்கமும் இழுத்துக் கட்டணும். கயிறு இருக்கா?"

பிக்கப் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மலையில் இரண்டு நாள் விடாத மழை. கயிறுகளில் இழுபட்டு, காற்றில் அடிபட்டு, சேறு அப்பிக் கிடந்த தார்ப்பாய் மூன்றாம் நாள் காலையில்தான் வாய் திறந்தது.

"அண்ணே, போர்வை நனையலையே?"