இந்த வாரம் இடது முட்டி

திங்கள்தோறும் அணி வீராங்கனைகளின் போனுக்கு ஒரே கேள்விதான் வரும்: வலி உண்டா? ‘உண்டு’ என்பவர்களை மட்டும் அணி டாக்டர் போனில் கூப்பிட்டு விசாரிப்பார். ஓட்டக்காரி இந்த வாரமும் ‘உண்டு’ என்று தட்டிவிட்டு, போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நேத்து மான் மாதிரி ஓடினியேடி! இப்படியே போனா டீம்லேருந்து தூக்கிடுவாங்க!” என்று கத்தினாள் அறைத்தோழி.

போன் அடித்தது. ஓட்டக்காரி முதல் மணியிலேயே எடுத்தாள்.

“எந்த முட்டி?” என்றார் டாக்டர்.

“இடது.”

“போன வாரம் வலதுன்னு சொன்னே. ஸ்கேன்ல ரெண்டுமே கல்லு மாதிரி இருக்கு. எதுக்கும்மா இந்தப் பொய்?”



“நீங்க அம்மாவோட சண்டை போட்டு வீட்டை விட்டுப் போனதுலேருந்து, வலின்னாத்தானே அப்பா என்னைக் கூப்பிடுறீங்க?”